யமாரீயா

வசந்தாமணி படியேறி வந்தபோது வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பலகையில் மூன்று சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஆப்லார், கோமெர், விவிர். பேசுவது, சாப்பிடுவது, வாழ்வது. ஜூன் மாதத்திலிருந்து இந்த மூன்றையும் வைத்துத்தான் ஆக்னஸ் மிஸ் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறாள், ஸ்பானிஷ் பேசும் உலகத்தில் மனிதர்கள் இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பதுபோல. கீழே ஜிப்பும் பட்டனும் விற்கிற கடை, அதன் மாடியில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி போட்ட இந்த அறை, ஜன்னலுக்கு வெளியே திருப்பூரின் நவம்பர் தூறல், பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள் ஒன்பது பேர், எல்லாருக்கும் இருபத்தைந்து, முப்பது வயது. இவளுக்கு நாற்பத்தெட்டு. இவள் ஆர்டர் பார்க்கிறவளும் இல்லை, செக்கிங் பிரிவு சூப்பர்வைசர், தைத்து வந்த பனியனை விளக்குக்கு அடியில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு பார்த்து ஒதுக்குகிறவள். கம்பெனியில் பெயர் கொடுத்தபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்குங்கக்கா ஸ்பானிஷ்?" "வெளிநாட்டுப் பையர் வந்தா எந்தப் பீசுல என்ன கொறைங்கறாங்கன்னு எனக்கும் நேராத் தெரியோணுமில்லீங்க" என்றாள். அவர் அதை நம்பினார். பொய் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. என்ன குறை என்று நேராகத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாரமும் போல வாசலில் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நவநீதன் தன் நோட்டை அவள் பக்கம் லேசாகத் தள்ளி வைத்தான்.

"இன்னைக்குப் படிக்கிறது நடக்காததப் பத்திப் பேசற வடிவம்" என்றாள் ஆக்னஸ் மிஸ். திருச்சிக்காரி, இருபத்தெட்டு வயதிருக்கும், பேனாவைப் பிடித்த கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். "நடந்தது இல்ல, நடக்கறதும் இல்ல. நடந்தா இப்படி இருக்கும்னு சொல்றது. செய்வேன்னு சொல்லியிருந்தது. செஞ்சிருக்கலாம்னு நெனைக்கறது. பயப்படாதீங்க, இதுதான் இருக்கறதுலயே சுலபம். இதுவரைக்கும் என்ன பண்ணினோம்? ஆப்லார்ல ஆர்-ஐ வெட்டினோம், கோமெர்ல எர்-ஐ வெட்டினோம், அப்புறம் வேற வால் ஒட்டினோம். இங்க வெட்டவே வேண்டாம். முழுச் சொல்லையும் அப்படியே வெச்சுக்கிட்டுப் பின்னாடி ஒட்டினாப் போதும். மூணு வகைக்கும் ஒரே வால்." ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாயிஸ், ஈயான். நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் சொல்லை வெட்ட வேண்டும், நடக்காததைச் சொல்லும்போது மட்டும் அது முழுசாக இருக்கும் என்று வசந்தாமணி நோட்டில் எழுதினாள், எழுதிவிட்டு இதை மிஸ் சொன்னாளா நாமே சொல்லிக்கொண்டோமா என்று குழம்பினாள். நடக்காதது எப்போதும் முழுசாகத்தான் இருக்கிறது. நடந்ததுதான் துண்டு துண்டாக. மூர்த்தி கடைசியாகச் சிரித்துப் பேசியது எந்தத் தேதி என்று கேட்டால் அவளுக்குச் சட்டென்று வராது, ஐப்பசியா கார்த்திகையா என்று யோசிக்க வேண்டியிருக்கும், ஆனால் மூர்த்தி திரும்பி வந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கி வருகிற காட்சி, பெட்டியை எந்தக் கையில் பிடித்திருப்பான், கன்னம் எவ்வளவு ஒட்டியிருக்கும், "என்னக்கா, இப்படி நரைச்சுட்ட" என்று எந்த இடத்தில் நின்று சொல்வான், அது ஒரு நூல் பிசகாமல் வரும். அவன் வரவில்லை. மார்ச் மாதம் லிமா நகரத்தில் செத்துப்போய், அங்கேயே எரித்தும் ஆகிவிட்டது.

தம்பி. ஈஸ்வரமூர்த்தி. பின்னலாடை மிஷின் ஃபிட்டர். திருப்பூரில் பதினைந்து வருடம் வட்டப் பின்னல் மிஷின்களின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவன் பெரு நாட்டில் ஒரு மில்லில் ஆள் கேட்கிறார்கள் என்று போனான். அது எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் தேடி, இங்கிருந்து ஊசியைக் குத்தினால் மறுபக்கம் அங்கேதான் வரும் போல என்று வீட்டில் சிரித்தார்கள். அங்கே மழையே பெய்யாது, வருஷம் பூரா மேகம் மூடிக்கிடக்கும், ஆனா ஒரு சொட்டு விழாது, குடைங்கற சாமானே கடையில இல்லக்கா என்பான். நெலிடா என்ற பெண்ணோடு அங்கே குடித்தனம் ஆகிவிட்டது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் ஒரு படத்தில் அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சை ஸ்வெட்டர் தெரிந்து. அவன் உயிர் போன பிறகு மில்லின் மேனேஜர், குஜராத்திக்காரர், ஆங்கிலமும் இந்தியும் கலந்து போன் செய்தார். மூளையில் ரத்தக் குழாய், பதினோரு நாள் ஆஸ்பத்திரி, உடம்பை அனுப்ப முடியாது, நீங்கள் சரி என்றால் இங்கேயே. அவள் சரி என்றாள். அந்த ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்பது அவளுக்கு இன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து நெலிடாவிடமிருந்து முப்பத்தெட்டு விநாடிக் குரல்செய்தி. கரகரத்த குரல், பின்னால் எங்கேயோ நாய் குரைக்கிறது, ஒரு பஸ் கடக்கிறது. அப்போது அவளுக்கு அது முழுக்க இரைச்சல்தான். மகள் அதைப் போனில் இருந்த மொழிபெயர்ப்பில் போட்டுக் காட்டினாள். வணக்கம் அம்மையாரே, நான் நெலிடா. அவர் அதிகம் கஷ்டப்படவில்லை. கடைசி நாள் வரை தொலைபேசியைக் கேட்டார். அவர் அழைப்பார் என்று அவர் நினைத்தார். மன்னியுங்கள் அம்மையாரே. வசந்தாமணி பதிலுக்குக் கூப்பிய கை படம் ஒன்று அனுப்பினாள். வேறு என்ன அனுப்புவது.

அவர் அழைப்பார் என்று அவர் நினைத்தார். மிஷின் தமிழ், ஆனால் புரிகிறது. மூர்த்தி தானே கூப்பிடப்போவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருக்கிறான், அதற்குள் இப்படி ஆகிவிட்டது, படுக்கையில் கிடந்துகொண்டு போனைக் கேட்டிருக்கிறான். இந்த எட்டு மாதமும் அவள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், குளித்தாள், பஸ் ஏறினாள். அது வருத்தமான வாக்கியம்தான். ஆனால் அதில் அவளுக்கும் கொஞ்சம் இடம் இருந்தது. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, இரண்டு பேருக்கும் நேரம் வாய்க்கவில்லை. நெலிடாவின் சொந்த வாயில் அந்த வாக்கியம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் வகுப்பில் சேர்ந்தாள். முதல் மாதம் செஞ்ஞோரா, அம்மையாரே, என்பது பிடிபட்டது, அடுத்து பெர்தோனே, மன்னியுங்கள், அப்புறம் எல் தெலெஃபோனோ. துணி வெளுத்து அச்சுத் தெரிவதுபோல இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக மேலே வந்தது. பென்சாபா, நினைத்துக்கொண்டிருந்தார். கே, என்று. கடைசிச் சொல் மட்டும்தான் மிச்சம். பென்சாபா கே யமாரீயா. முதல் தடவை காதில் விழுந்தபோது யமன் பெயரைச் சொல்கிறாளோ என்று உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. யமார் என்றால் கூப்பிடுவது, அவ்வளவுதான், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் போனில் கூப்பிடுவதும் ஒன்றே. அந்த ஈயா என்ன என்பதுதான் இன்றுவரை தெரியாமல் இருந்தது. இன்று பலகையில் அது நீலப் பேனாவில் ஆறு வரியாக நிற்கிறது.

"எல்லாரும் சேர்ந்து" என்றாள் மிஸ். அறை ஒத்துச் சொல்லியது. யோ ஆப்லாரீயா, நான் பேசுவேன். தூ ஆப்லாரீயாஸ், நீ பேசுவாய். எல் ஆப்லாரீயா, அவன் பேசுவான். எய்யா ஆப்லாரீயா, அவள் பேசுவாள். உஸ்தெத் ஆப்லாரீயா, நீங்கள் பேசுவீர்கள். வசந்தாமணியும் சொன்னாள். அம்மா செத்த அன்றைக்கும் இப்படித்தான் வீட்டில் எல்லாரும் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், யார் யாருக்குப் போன் செய்வது, ஐஸ் பெட்டி எப்போது வரும், அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூர்த்தியின் முகம் போனில் வந்தது, சவரம் செய்யாமல். "அக்கா, என்ற விசாப் பேப்பரு ஆபீசுல மாட்டிக் கெடக்குது. இப்ப வெளிய போனா திரும்ப உள்ள உடமாட்டாங்க." "அம்மா மொகத்தப் பாக்கறதவுட அந்த ஊரு பெருசாப் போச்சா உனக்கு?" "அப்படி இல்லக்கா." "பின்ன எப்படி? அந்தப் பொம்பள உடமாட்டேங்கறாளா?" அவன் தாடையைத் தடவிக்கொண்டான். அவள்தான் சொன்னாள், சத்தம் போடாமல், அழாமல், பக்கத்தில் நின்ற பெரியப்பா மகனுக்குக்கூடக் கேட்காத மாதிரி. "இனி நீ எனக்குக் கூப்புடாத மூர்த்தி. எனக்கு எப்ப மனசு ஆறுதோ அப்ப நானே கூப்புடறேன்." அவன் "செரிக்கா" என்றான். யோ யமாரீயா. எல் யமாரீயா. வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது, யோ என்று சொன்னாலும் எல் என்று சொன்னாலும் பின்னால் வருகிற சொல் ஒரே மாதிரி உதட்டை விட்டு இறங்குகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். முதல் வரி ஈயா. மூன்றாம் வரியும் ஈயா. நடுவில் தூ மட்டும் ஒரு ஸ் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது.

தமிழில் இப்படி இல்லை. கூப்பிடுவேன், கூப்பிடுவான், கூப்பிடுவாள், கூப்பிடுவீங்க. வாலைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், பனியன் கழுத்தில் லேபிள் மாதிரி, எந்தக் கம்பெனி எந்த சைஸ் என்று. நாற்பத்தெட்டு வருடம் பேசிய பேச்சில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. ஆள் யார் என்று சொல்லாமல் ஒரு வினைச்சொல் நடந்துபோக முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அங்கே முடிகிறது. கையைத் தூக்கினாள். இந்த ஆறு மாதத்தில் அவள் கை தூக்கியது இரண்டாவது தடவை. "சொல்லுங்கக்கா" என்றாள் மிஸ். "பென்சாபா கே யமாரீயான்னு ஒரு வாக்கியம் இருந்தா, யாரு கூப்புடுவாங்கன்னுங்க அர்த்தம்?" மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல கேள்வி. எங்க பாத்தீங்க?" "பாடப் பொஸ்தகத்துலதானுங்க வந்துச்சு." மிஸ் பலகையில் அதை எழுதினாள். நெலிடா சொன்ன வாக்கியம், நாய் குரைப்பு இல்லாமல், பஸ் இல்லாமல், பெரிய பெரிய எழுத்தில். "பாருங்க, இதுல ரெண்டு வினை. ரெண்டுலயும் ஆள் பேரு இல்ல. பென்சாபா நானாகவும் இருக்கலாம், அவனாகவும் இருக்கலாம். அவன்தான் நெனைச்சான்னு வெச்சுக்கிட்டாக்கூட, யமாரீயா யாரு? நான், அதாவது இதச் சொல்றவ, கூப்பிடுவேன்னு நெனைச்சான். அவனே கூப்பிடறதா நெனைச்சான். வேற யாரோ ஒருத்தி கூப்பிடுவாள்னு நெனைச்சான். இல்ல, நீங்க கூப்பிடுவீங்கன்னு நெனைச்சான். மரியாதையாப் பேசற உஸ்தெத்துக்கும் இதே வால்தான். வாக்கியத்த மட்டும் பாத்துச் சொல்ல முடியாது. யாரு யாருகிட்டப் பேசறாங்க, முன்னாடி என்ன நடந்துதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்." நவநீதன் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். "அப்ப மிஸ், எல்லாரும் அடுத்தவங்க கூப்பிடுவாங்கன்னு நெனைச்சுட்டு யாருமே கூப்பிடலைன்னு வெச்சுக்கலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். வசந்தாமணியின் முகமும் சிரிப்பதற்கு வேண்டியதைச் செய்தது.

முன்னாடி என்ன நடந்தது என்று தெரிந்தால் சொல்லலாம். முன்னாடி என்ன நடந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும். நெலிடா அவளோடு பேசுகிறாள், செஞ்ஞோரா என்கிறாள், பெர்தோனே என்று மரியாதையாக மன்னிப்புக் கேட்கிறாள், எதற்கு மன்னிப்பு என்று இந்த எட்டு மாதமாக ஒருநாளும் யோசிக்கவில்லையே, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்றுதானே ஒருத்தி மன்னிப்புக் கேட்பாள். கடைசி நாள் வரை போனைக் கேட்டான். யாருக்காவது கூப்பிட நினைக்கிறவன் போனைக் கொடு என்பான், ஒரு தடவை, இரண்டு தடவை. யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்க நினைக்கிறவன்தான் தினமும் கேட்பான். மூர்த்தி எந்த வகை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மகள் பிறந்தபோது தாராபுரம் ஆஸ்பத்திரியில் வலி எடுத்து உள்ளே போகும்போது அவன் கையைப் பிடித்து "எங்கியும் போகாத, இங்கியே இரு" என்றாள். இரண்டு நாள் ஆயிற்று, சிசேரியன், ரத்தம் ஏற்றினார்கள். அவள் கண் விழித்தபோது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், உன்ற தம்பிய அந்தப் பெஞ்சில இருந்து எழுப்பவே முடியல, சாப்பிடப் போடான்னா அக்கா இருக்கச் சொல்லுச்சுங்கறான், டீயையும் பன்னையும் கொண்டுபோய்க் குடுத்தோம். அப்போது அவனுக்கு இருபது வயது. அந்த மகளுக்குத்தான் போன தையில் கல்யாணம். மாமன் சீர் செய்ய வேண்டிய இடத்தில் பெரியப்பா மகனை நிறுத்தினாள். படங்களை எல்லாரும் போட்டார்கள், அவன் பார்த்திருப்பான், நிச்சயமாகப் பார்த்திருப்பான், தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறவனின் வேட்டிக் கரை என்ன நிறம் என்பதுவரை பெரிதாக்கிப் பார்த்திருப்பான். அன்றைக்காவது கூப்பிடுகிறானா பார்ப்போம் என்று பட்டுச்சேலை இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு அவள் நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. அவ்வளவு திமிரா என்று நினைத்தாள். கூப்பிடாதே என்று சொன்னது நீதானே. செரிக்கா என்றானே. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட இல்லை, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரிக் காத்திருந்தவனைச் சாவு கொண்டுபோய்விட்டது.

மிஸ் அடுத்ததற்குப் போய்விட்டாள். மரியாதையாகக் கேட்பதற்கும் இதே வடிவம்தான், எனக்கு ஒரு காப்பி வேணும் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லாமல் மே குஸ்தாரீயா உன் காஃபே, ஒரு காப்பி இருந்தால் பிடிக்கும். நமக்கு அதற்கு ஒரு ங்க போதும் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது, எங்கேயோ தொலைவில் தோன்றியது, வேறொருத்திக்குத் தோன்றியதுபோல. போன காலத்தைப் பற்றி உத்தேசமாகச் சொல்வதற்கும் இதுதான். செரீயான் லாஸ் தியெஸ். "அப்ப பத்து மணி இருக்கும்னு சொல்றோமில்ல, அது. நாமளும் இருக்கும்னு வரப்போற காலத்துலதான் சொல்றோம், கவனிச்சிருக்கீங்களா?" அப்போது மணி எத்தனை இருக்கும். மூர்த்தி உயிர் போனபோது. அதைக்கூட அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாலு இருக்கும். விடிந்திருக்கும். விடியாமல் இருந்திருக்கும், அந்த ஊரில்தான் சூரியனே தெரியாதாமே. அவள் அந்நேரம் இங்கே என்ன செய்துகொண்டிருந்திருப்பாள், டேபிளில் ஒரு பீசை விரித்து அக்குள் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், பாஸ் என்று சொல்லி வலது பக்கம் போட்டிருப்பாள். "கடைசியா ஒண்ணு. இதுதான் தினமும் உபயோகப்படும்" என்றாள் மிஸ். "ஒருத்தர் இன்னைக்கு ஒண்ணு சொல்றார். நாளைக்குச் சரக்கு வரும்னு சொல்றார். யெகாரா, வரும். நிச்சயமாச் சொல்றார். ஒரு வாரம் கழிச்சு அத நீங்க இன்னொருத்தர்கிட்டச் சொல்றீங்க. அப்ப அந்த யெகாரா, யெகாரீயா ஆயிடும். வரும்னு அவர் சொன்ன நாள் கடந்து போயிடுச்சு இல்லையா. நம்ம தமிழ்ல இந்தத் தொல்லை கெடையாது. வரும்னு சொன்னார்னு, அவர் வாயில வந்தத அப்படியே எடுத்து வெச்சுப் பின்னாடி ஒரு ன்னு போட்டுடுவோம்."

மேஜைக்கு அடியில் போனை எடுத்தாள். நெலிடாவின் பெயருக்குக் கீழே எட்டு மாதத்துக்கு முந்திய அந்தக் கூப்பிய கை அப்படியே இருந்தது. மணி ஆறு இருபது. அதில் பத்தரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கே காலை எட்டு ஆகப்போகிறது. இந்தக் கணக்கு அவளுக்கு ஒரு காலத்தில் விரல்நுனியில் இருந்தது, மூர்த்தி போன புதிதில் எந்நேரமும் இரண்டு கடிகாரம் ஓடும் மண்டைக்குள். கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காவிட்டால் நாலு அர்த்தமும் இருக்கும், நாலில் ஒன்று அவளுடையது, இவ்வளவு நாள் தாங்கிய ஒன்று. செக்கிங்கில் சில பெண்கள் அப்படிச் செய்வார்கள், ஓட்டை கண்ணில் பட்டும் மடித்துப் பாஸ் பக்கம் போட்டுவிடுவார்கள், சாயங்காலம் ஆகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது, யார் கேட்கப்போகிறார்கள் என்று. அவள் அப்படி ஒருநாளும் செய்ததில்லை, அதற்காகத்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள், அதற்காகவே அவளைக் கண்டால் பயப்படுகிறார்கள், மூர்த்தியும் பயந்திருக்கிறான். கியென் யமாரீயா. யார் கூப்பிடுவார்கள். இரண்டே சொல். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். அனுப்பினாள். நெலிடா பார்த்துவிட்டாள் என்று காட்டும் குறி உடனே வந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து முன்னும் பின்னும் இல்லாமல் ஒருத்தி இரண்டு சொல் அனுப்புகிறாள், அதைப் பார்த்து என்ன கேள்வி இது என்று நெலிடா விழிப்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி விழிக்கவில்லை போல. பதில் தட்டச்சு ஆகிறது, நிற்கிறது, மறுபடி ஆகிறது. "அக்கா, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றாள் மிஸ், "விவிர் வெச்சு." வசந்தாமணி எழுந்து நின்றாள். "விவிரீயா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. "யாருக்கா? யார் வாழ்வாங்க? இங்க ஆள் பேரச் சேர்த்தாத்தானே தெரியும்?" "தெரியலீங்க மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்தாள். பரவாயில்லை, அடுத்த வாரம் என்றாள் மிஸ். அடுத்த வாரம் இந்த விதிக்கு அடங்காத வினைகள், ஒழுங்கில்லாதவை, பன்னிரண்டு இருக்கின்றன.

நாற்காலிகள் இழுபட்டன, எல்லாரும் மடமடவென்று இறங்கினார்கள், கீழே வண்டிகள் உதைபட்டுக் கிளம்பின. அவள் படிக்கட்டின் திருப்பத்தில், பட்டன் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், சுவரோரமாக நின்றாள். குரல்செய்தி ஒன்பது விநாடி. ஒன்பதே விநாடிதான், அதில் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும். காதில் வைத்தாள். நெலிடா நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள், தமிழ்க்காரி புரிந்துகொள்ள வேண்டுமே என்று. உஸ்தெத், செஞ்ஞோரா. நீங்கதாங்க. பிறகு ஒரு மூச்சு. எல் தெஸீயா சியெம்ப்ரே, அவர் எப்பவும் சொல்வார், மி எர்மானா யமாரா. மி எர்மானா யமாரா. என் அக்கா கூப்பிடும். கூப்பிடும். ஈயா இல்லை. அவன் வாயில் வந்தது யமாரா. நடந்தால் இப்படி என்பது இல்லை, ஒருவேளை என்பது இல்லை. சரக்கு வரும் என்பதுபோல, விடியும் என்பதுபோல. அவன் செத்த பிறகு நெலிடா எடுத்துச் சொன்னபோதுதான் அது யமாரீயா ஆனது. அவன் இருந்தவரைக்கும் அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வசந்தாமணி பட்டன் பெட்டியின் மேல் உட்காரப் போய், அட்டை அமுங்கவே மறுபடி நின்றுகொண்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவன் தள்ளிப் போட்டான், நானும் தள்ளிப் போட்டேன் என்பது போயிற்று. அவன் எதையும் தள்ளிப் போடவில்லை. இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தான். தள்ளிப் போட்டது ஒரே ஒரு ஆள்தான். அதற்கு எந்த மொழியிலும் லேபிள் தேவையில்லை.

விரல் எப்போது நெலிடாவின் பெயரை அழுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மணி நீளமாக, இடைவெளி விட்டு விட்டு அடித்தது. ஐந்து, ஆறு. எடுக்கமாட்டாள், வேலைக்குக் கிளம்பியிருப்பாள், எடுக்காமல் இருந்தால் நல்லது. "ஆலோ?" என்றாள் நெலிடா. வசந்தாமணிக்கு ஆறு மாதம் படித்தது முழுக்க ஒரே நொடியில் காலியாயிற்று. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம், குழாயை மூடுகிற சத்தம். "ஆலோ? செஞ்ஞோரா?" மன்னிக்கச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் போனான் என்று கேட்க வேண்டும். எரித்த சாம்பல் எங்கே என்று கேட்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அக்காமார் போனில் முதலில் கேட்கிற ஒன்று மட்டும் வந்தது, வருடக்கணக்காக மூர்த்தியிடம் கேட்டது, எந்த ஊரில் இருந்தாலும் எந்நேரமானாலும். சாப்பிட்டானா. பதினோரு நாளும் சாப்பிட்டானா. "எல்... கோமெரீயா?" என்றாள். சொன்ன பிறகுதான் தவறு தெரிந்தது, கோமீயா என்று கேட்டிருக்க வேண்டும், சாப்பிட்டுக்கொண்டிருந்தானா என்று. ஒன்றரை மணி நேரம் ஒத்துச் சொல்லிப் பழகிய நாக்கு நடுவில் ஒரு அசையைச் சேர்த்துவிட்டது, உயிரோடு இருந்தால் சாப்பிடுவானா என்பதுபோல ஆகிவிட்டது கேள்வி. அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது, நெலிடா உட்கார்ந்தாள் போல. "கோமீயா, செஞ்ஞோரா" என்றாள் மெல்ல, திருத்துகிற மாதிரி இல்லாமல் திருத்தி. "போகோ. பெரோ கோமீயா." கொஞ்சந்தான். ஆனா சாப்பிட்டார். "கே?" என்றாள் வசந்தாமணி. என்ன. நெலிடா சொல்ல ஆரம்பித்தாள், முதலில் நிறுத்தி நிறுத்தி, அர்ரோஸ் என்று ஒன்று காதில் விழுந்தது, அது சோறு, பிறகு தன்னை மறந்து வேகமாக, அழுதுகொண்டே, என்ன சமைத்தாள், எதில் கொண்டுபோனாள், எத்தனை வாய் வாங்கினான், எல்லாம், பாதிக்கு மேல் வசந்தாமணிக்குப் புரியாத சொற்கள். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. கீழே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார், அந்த அம்மாள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு போனில் சீ, சீ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆமாம், ஆமாம் என்று.